மழை பொய்ச்சாலும் மாட்டுக்குப் பச்சை: மானாவாரில பயறுவகைத் தீவனம் போடறது எப்படி

பங்குனி பொறந்துட்டா காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் மாடு வெச்சிருக்கறவங்க பேச்சு பூரா தீவனம்தாங்க, சோளத்தட்டு கட்டு என்ன வெலை, புண்ணாக்கு மூட்டை என்ன வெலை, எந்த ஊர்ல வைக்கல் கெடைக்குதுன்னு. ஆனா கோடைத் தீவனத்துக்கு வேண்டிய வேலையெல்லாம் மழைக்காலத்துலயே முடிஞ்சிருக்கணும், சித்திரைல ஓடி ஒண்ணும் ஆகப்போறதில்ல. குறிப்பா பயறு குடும்பத்துத் தீவனம், அதாவது வேலிமசால், முயல்மசால், குதிரைமசால், தட்டைப்பயறு, கொள்ளு, சூபாபுல், கிளைரிசிடியா இதெல்லாம் வறட்சியத் தாங்கறது வேரை வெச்சுதான். அந்த வேரை மழை இருக்கறப்பவே வளர விட்டீங்களா, இல்ல பச்சையா தெரியுதேன்னு மேல மேல அறுத்துத் தள்ளினீங்களா, கோடை எப்படிப் போகும்ங்கறது அதுல இருக்குது. அந்தக் கணக்கைத்தான் இங்க விலாவாரியா எழுதறேன்.

முதல்ல எதுக்கு பயறுவகைன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். கோடைல காஞ்ச புல்லோ தட்டோ ஓரளவுக்கு எப்படியும் இருக்கும், ஆனா அதைத் திங்கற மாடு எளைச்சுக்கிட்டேதான் போகும், ஏன்னா அதுல புரதம் ரொம்பக் கம்மி. மாடு திங்கற மொத்தத் தீவனத்துல புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழ எறங்கிட்டா பெருவயித்துல நாரைச் செரிக்க வைக்கற நுண்ணுயிருங்களுக்கே சத்து பத்தாது, அதுங்க சுணங்கினா வைக்கல் வயித்துலயே தங்கும், வயித்துல தங்கினா மாடு அதுக்கு மேல திங்காது. தொட்டி நெறைய தட்டு கெடந்தும் மாடு மொகத்தைத் திருப்பிக்கறது இதனாலதான். அதுக்கு நடுவுல நாலஞ்சு கிலோ பயறுவகைத் தழை சேர்ந்துச்சுன்னா அந்தத் தழையோட சத்தும் கெடைக்கும், கெடக்கற தட்டும் செரிக்க ஆரம்பிக்கும். அதனால பயறுவகைத் தீவனத்தை வயித்தை ரொப்பற சாமானா பாக்காதீங்க, காஞ்ச தீவனத்தை வேலை செய்ய வைக்கற சாமானா பாருங்க, அப்பதான் எவ்வளவு எடத்துல போடணும்ங்கறது புரியும். மாடு திங்கற பச்சைல மூணுல ஒரு பங்கு இது இருந்தா நல்லாவே போதும்.

செடி என்ன பண்ணுது

வறட்சிய எல்லாச் செடியும் ஒரே மாதிரி தாங்கறதில்ல. தட்டைப்பயறு, நரிப்பயறு, கொள்ளு மாதிரி ஒரு பருவத்துச் செடிங்க பெரும்பாலும் தப்பிச்சு ஓடற வகை, ஈரம் இருக்கற ரெண்டு ரெண்டரை மாசத்துக்குள்ள மொளைச்சு பூத்து காய்ச்சு விதையைக் கீழ போட்டுட்டு வேலைய முடிச்சுக்கும். வேலிமசால், முயல்மசால், குதிரைமசால் இதெல்லாம் பல வருஷச் செடி, ஓட முடியாது, இருந்த எடத்துலயே சமாளிச்சாகணும், அதனால வேர் கீழ போகும், எலை சின்னதாகும், தேவைப்பட்டா எலையவே கொட்டிட்டு கட்டைய மட்டும் வெச்சுக்கிட்டு காத்துக்கெடக்கும்.

தட்டைப்பயறு கூட மொளைச்சு ஓடறது மட்டும் இல்ல, அது இருக்கற வரைக்கும் தண்ணிய ரொம்ப இறுக்கிப் பிடிச்சுச் செலவு பண்ணும். நீங்களே காட்டுல பாக்கலாம். காலைல ஏழு மணிக்குப் போயி பாருங்க, மூணு எலையும் அகல விரிஞ்சு சூரியனைப் பாத்து இருக்கும். உச்சி வெயில்ல பன்னெண்டு மணிக்கு மறுபடி போங்க, மண்ணுல ஈரம் கொறைஞ்சிருந்தா அதே எலைங்க ஒவ்வொண்ணும் எந்திரிச்சு நின்னு வெயிலுக்குத் தன்னோட விளிம்பை மட்டும் காட்டிக்கிட்டு இருக்கும், மேல இருந்து பாத்தா செடி பாதியா கொறைஞ்ச மாதிரி தெரியும். வாடிப் போயி தொங்கறது வேற, இது வேற. எலைல வெயில் நேரா விழாம இருந்தா சூடு ஏறாது, சூடு ஏறலைன்னா தண்ணி ஆவியாப் போறது கொறையும். அதோட எலைல இருக்கற நுண்ணிய வாயெல்லாம் மூடிக்கும், வளர்ச்சி நிக்கும், ஆனா செடிக்குள்ள இருக்கற தண்ணி அப்படியே இருக்கும்.

இதை வெச்சே ஒரு பரிசோதனை இருக்குது, எந்தத் தீவனச் செடிக்கும் பொருந்தும். மத்தியானம் வாடி நிக்கறதைப் பாத்து பதறாதீங்க. விடிகாலைல, வெயில் வர்றதுக்கு முன்னாடி போயிப் பாருங்க. ராத்திரில செடி தண்ணிய இழுத்து தன்னைச் சரிபண்ணிக்க நேரம் இருந்துருக்கும், அப்பவும் தொங்கிக்கிட்டே இருந்துச்சுன்னா வேர் எட்டற ஆழத்துல ஈரம் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். ஒரு பருவத்துச் செடின்னா அன்னைக்கே அறுத்துடுங்க, இனி வெச்சிருந்தா எலை கொட்டிப் போகும், மிஞ்சறது குச்சிதான். பல வருஷச் செடின்னா அதுக்கு நேர் எதிரா அருவாள ஓரமா வெச்சுட்டு செடிய அதுபாட்டுக்கு விட்டுடுங்க.

குதிரைமசாலை எடுத்துக்குங்க. மண்ணு ஆழமா இருந்தா அதோட ஆணிவேர் ரெண்டு மூணு மீட்டர் வரைக்கும் சாதாரணமா போகும், அதனால மேல மண்ணு காஞ்சு வெடிச்சாலும் கொஞ்ச நாளைக்கு பச்சையா நிக்கும். அதுக்கு மேலயும் மழை இல்லைன்னா வளர்ச்சிய நிறுத்திட்டு தரையை ஒட்டி இருக்கற கொண்டைல மொட்டுகளை வெச்சுக்கிட்டு ஒறங்கிடும். அந்த ஒறக்கத்துல அது உசுரோட இருக்கறதுக்கும், மழை வந்தா மறுபடி துளுக்கறதுக்கும் வேணுங்கற மாவுச்சத்து வேர்லயும் கொண்டைலயும் உண்டியல் மாதிரி சேர்ந்து கெடக்கணும். ஒவ்வொரு தடவை நீங்க அறுக்கறப்பவும் புதுத் தளிர் வர்றதுக்காக செடி அதுல இருந்துதான் எடுக்குது, எலை விரிஞ்சு ரெண்டு மூணு வாரம் போனதுக்கு அப்புறந்தான் திரும்பப் போட ஆரம்பிக்கும். நெரம்பறதுக்குள்ள மறுபடி அறுத்துக்கிட்டே இருந்தா, பாக்க பச்சையாத்தான் இருக்கும், கோடை வந்ததும் கொத்துக் கொத்தா செத்துப்போகும். மழை இல்லாம செத்துச்சுன்னு சொல்லுவாங்க, அதுல பாதிக்கு மேல அதிகமா அறுத்ததால செத்ததுதான்னு நான் உறுதியா சொல்லுவேன்.

முயல்மசால்ல புதர் மாதிரி வளர்ற ரகம் ஒண்ணு இருக்கு, தமிழ்நாட்டுல மானாவாரிக்கு அதிகம் பரிந்துரைக்கறது அதைத்தான், பூர்வீகம் தென் அமெரிக்கா. தண்டு எலையெல்லாம் மயிர் மயிரா, தொட்டா கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கும், எலை சின்னது, வேர் நல்ல ஆழம். மழைக்காலத்துல மாட்டை மேய விட்டா மாடு இதை ஒதுக்கிட்டு புல்லைத்தான் திங்கும், புல்லு காஞ்சு மொறமொறன்னு ஆனதுக்கு அப்புறந்தான் இதுக்கு வரும். இது எவ்வளவு நல்ல விஷயம்னு யோசிச்சுப் பாருங்க, செடி பச்சையா நிக்கறப்ப வேர் தொந்தரவு இல்லாம வளருது, மாட்டுக்கு புரதம் தேவைப்படற மாசத்துலதான் அது தீவனமாகுது. கொரங்காட்டு (வேலி போட்டு மேய்ச்சலுக்குன்னே விட்டு வெச்சிருக்கற காடு) மேய்ச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியல.

வேரை விட்டுட்டா அடுத்தது முடிச்சு. பயறுவகைங்க காத்துல இருக்கற தழைச்சத்தை (நைட்ரஜன்) வேர் முடிச்சுல இருக்கற பாக்டீரியா மூலமா எடுத்துக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா வறட்சி வந்தா முதல்ல அடிபடறது அந்த வேலைதான், செடி வாடறதுக்கு முன்னாடியே முடிச்சு சுணங்கிடும், ரொம்பக் காஞ்சா உதிர்ந்தும் போகும். ஒரு செடிய மண்ணோட தோண்டி எடுத்து (இழுத்துப் பிடுங்கினா முடிச்செல்லாம் மண்ணுலயே நின்னுடும்) வேர்ல இருக்கற முடிச்சு ஒண்ணை நகத்தால கிள்ளிப் பாருங்க. உள்ள இளஞ்சிவப்பா ரத்தம் கலந்த மாதிரி இருந்தா வேலை செய்யுது. வெளுப்பாவோ பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா வேலை நின்னுபோச்சு. மழை வந்ததும் புது முடிச்சு கட்டறதுக்கு கொஞ்ச நாள் ஆகும், அதனால மழைக்கு அப்புறம் செடி ரெண்டு வாரம் மஞ்சளா இருந்தா யூரியா மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க, யூரியா போட்டா முடிச்சு கட்டறது இன்னும் தள்ளிப் போகும்.

உங்க மண்ணுக்கு எது

செம்மண்ணு, சரளை, சத்து கம்மியான மேட்டுக்காடு, மழை வருஷத்துக்கு 450 மில்லிமீட்டருக்குக் கொறையாம வர்ற எடம்னா முயல்மசால். மணிச்சத்து (பாஸ்பரஸ்) கம்மியா இருந்தாலும் ஏத்துக்கும், ஆனா தண்ணி நிக்கற பள்ளத்துலயும் உப்பு மண்ணுலயும் போடாதீங்க. கரிசல், களி, கொஞ்சம் காரத்தன்மை இருக்கற மண்ணுன்னா வேலிமசால், அது செம்மண்லயும் வரும், ஆடு மாடு ரெண்டும் விரும்பித் திங்கும், வயிறு உப்புசம் வராது, சூபாபுல்ல இருக்கற மைமோசின்ங்கற நஞ்சோட தொந்தரவும் இதுல கெடையாது. கரிசல்ல சங்குப்பூவும் நல்லா வரும், புல்லு மேல கொடியா ஏறும், ஒரே கொறை என்னன்னா மாட்டுக்கு அது அவ்வளவு புடிக்கும், மேய விட்டா தேடித் தேடித் தின்னு தீத்துடும், அதனால அறுத்துப் போடறதுக்கு மட்டும் வெச்சுக்குங்க.

குதிரைமசால் வறட்சியத் தாங்கும்னு படிச்சுட்டு மானாவாரில போடணும்னு நிறைய பேர் கேக்கறாங்க. அது தாங்கறது ஆழமான, வடிகால் உள்ள மண்ணுல, அதுவும் ஒரு வருஷம் வேர் பிடிச்சதுக்கு அப்புறம். நம்ம மேட்டுக்காட்டுல ரெண்டடில பாறை தட்டும், அங்க ஆணிவேர் எங்க போகும்? கெணறோ போரோ இருந்து, கோடைல மட்டும் தண்ணி பத்தாதுங்கற தோட்டத்துக்கு இது நல்ல செடி, வெறும் மானாவாரிக்கு வேண்டாம். அகத்தியும் அப்படித்தான், வெத்தலைக் கொடிக்கால்ல வளர்ற மரம், அங்க எப்பவும் தண்ணி இருக்கும். காட்டுல வெச்சு திரும்பத் திரும்ப ஒடிச்சா தாங்காது.

மரத்துல பாத்தா வரப்போரத்துக்கு கிளைரிசிடியாவும் சூபாபுல்லும். கொரங்காடு வெச்சிருக்கறவங்களுக்கு வெள்வேல மரம் ஏற்கனவே இருக்கும், அதுவும் இதே பயறு குடும்பந்தான், கோடைல அது உதிர்க்கற காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் எவ்வளவு பெரிய உதவின்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அதே காட்டுல கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவுல படர்ந்து கெடக்கற செப்புநெருஞ்சியும் நரிப்பயத்தங்கொடியும் கூட பயறுவகைதான், நம்ம முன்னோருங்க விதைக்காமயே காப்பாத்திட்டு வந்த தீவனம் அது, கொரங்காட்டை உழுது வேற பயிர் வைக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நெனச்சுப் பாருங்க. சீமைக்கருவேலும் இந்தக் குடும்பந்தான், வேர் எங்கயோ போகும், காயை ஆடு திங்கும், ஆனா தின்ன ஆடு சாணியோட விதையைக் காடு பூரா பரப்பிடும், காயே அதிகமானா மாட்டுக்கு தாடை நாக்கெல்லாம் கெட்டுப்போற நோய் வரும், அதனால அதை தீவனக் கணக்குல சேர்க்காதீங்க.

ஒரே செடிய மட்டும் நம்பாம கலந்து போடுங்க. மேய்ச்சல் காட்டுக்கு கொழுக்கட்டைப் புல்லு மூணு வரிசை, முயல்மசால் ஒரு வரிசை. வீட்டுக்கிட்ட அறுத்துப் போடறதுக்கு ஒரு இருபத்தஞ்சு முப்பது சென்ட் வேலிமசால். வரப்புல கிளைரிசிடியா. ஆடில மழை கெடைச்சா கொஞ்சம் தட்டைப்பயறு, ஏக்கருக்கு சுமார் 16 கிலோ விதை, அம்பது அம்பத்தஞ்சு நாள்ல பாதிச் செடி பூத்ததும் அறுத்துக் காய வெச்சுக்கலாம். 2016ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் கொறைஞ்சு போச்சு, 2017 ஜனவரில எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்சதா அறிவிச்சாங்க, அந்த மாதிரி வருஷத்துல ஐப்பசி மழையை நம்பி விதைக்கற கொள்ளு மொளைக்கறதே கஷ்டம், ஏற்கனவே வேர் பிடிச்ச செடியும் மரமுந்தான் கைகொடுக்கும். மழை நல்லா இருக்கற வருஷத்துல கொள்ளும் தட்டைப்பயறும் சீக்கிரம் நிறைய குடுக்கும். எந்த வருஷம் எப்படி இருக்கும்னு முன்னாடியே தெரியாதில்லைங்களா.

விதைப்பு

விதைல ஒரு முக்கியமான சங்கதி இருக்குது. வேலிமசால், முயல்மசால், சூபாபுல் விதையோட தோல் அவ்வளவு கெட்டி, தண்ணி உள்ள போகாது, அப்படியே விதைச்சா நூத்துக்கு கொஞ்சந்தான் மொளைக்கும். விதை மோசம்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவாங்க, விதை நல்லாத்தான் இருக்கும். தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு எறக்கி ஒரு நாலு நிமிஷம் ஆற விடுங்க, கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு வந்துடும், அதுல விதையைக் கொட்டி நாலஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம், வெந்து போயிடும். வடிச்சுட்டு பச்சைத் தண்ணில ராத்திரி பூரா ஊற வெச்சு காலைல நெழல்ல உலர்த்துங்க. ஊறின விதை உப்பி பெருசா தெரியும், ஊறாதது அப்படியே சின்னதா கெடக்கும், கையில எடுத்துப் பாத்தாலே எத்தனை விதை திறந்துருக்குன்னு தெரிஞ்சுடும்.

அந்தக் கெட்டித் தோல் வேணும்னேதான் இருக்குது. ஒரே மழைக்கு எல்லா விதையும் மொளைச்சு அடுத்த மழை வராம போச்சுன்னா அந்த இனமே அழிஞ்சுடும், அதனால கொஞ்சம் இந்த மழைக்கு, கொஞ்சம் அடுத்த மழைக்கு, கொஞ்சம் அடுத்த வருஷத்துக்குன்னு பிரிச்சு வெச்சுக்கும். மானாவாரில நாமளும் அதையே செய்யலாம், முக்காப் பங்கு விதைய சுடுதண்ணில போட்டு எடுங்க, கால் பங்கை அப்படியே கலந்து விதைங்க. முதல் மொளைப்பு வெயில்ல கருகினாலும் பின்னாடி ஒரு கூட்டம் வரும்.

ரைசோபியம், அதாவது வேர் முடிச்சு கட்டற அந்த பாக்டீரியா, விதைல கலக்கறது கட்டாயம், சில்லறை செலவுதான். ஆறின அரிசிக்கஞ்சில பாக்கெட்டைக் கலந்து விதைல பெரட்டி நெழல்ல அரை மணி நேரம் உலர்த்தி அன்னைக்கே விதைச்சுடுங்க, வெயில்ல வெச்சா பாக்டீரியா செத்துடும். தட்டைப்பயறுக்கும் முயல்மசாலுக்கும் நம்ம மண்ணுல இருக்கற பாக்டீரியாவே ஓரளவு ஒத்துப்போகும். குதிரைமசாலுக்கும் வேலிமசாலுக்கும் அதுக்குன்னு உள்ளது வேணும், கெடைக்கலைன்னா ஏற்கனவே அது நல்லா வளர்ற காட்டுல இருந்து ரெண்டு கூடை மேல்மண்ணைக் கொண்டாந்து விதையோட கலந்து தூவுங்க, அதுவே வேலை செய்யும்.

கோடை மழைக்கே ஒரு உழவு ஓட்டி வெச்சிருங்க, சரிவுக்குக் குறுக்கால ஓட்டணும், அப்பதான் பெய்யற மழை அங்கயே எறங்கும். ஆட்டுப்பட்டி போட்ட காடா இருந்தா ரொம்ப நல்லது, இல்லைன்னா தொழுஉரம். கூட மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் போடுங்க, வேருக்கும் முடிச்சுக்கும் வேண்டியது அதுதான். வேலிமசால் வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டர் விட்டு ஏக்கருக்கு 8 கிலோ, முயல்மசால் 30 சென்டிமீட்டர் விட்டு வரிசைல போட்டா ரெண்டரை கிலோ, தூவினா நாலு கிலோ. விதை பொடிசா இருக்கறதால ஆழமா போகக் கூடாது, ஒரு சென்டிமீட்டர் ரெண்டு சென்டிமீட்டர் மண்ணு மூடினா போதும், மணலோட கலந்து போட்டா சீரா விழும். ஆடிப்பட்டமோ புரட்டாசியோ, மண்ணு நல்லா நனைஞ்சதுக்கு அப்புறம் விதைங்க, தூத்தலை நம்பி விதைச்சு ஏமாறாதீங்க.

முதல் வருஷத்துப் பொறுமை

மொளைச்சு ஒரு மாசம் ஒன்றரை மாசம் வரைக்கும் முயல்மசாலைப் பாத்தா மனசே விட்டுப்போகும். ஒரு சாண் கூட இருக்காது, பக்கத்துல களை முழங்கால் உசரம் நிக்கும். அப்ப ஒரு செடிய கடப்பாரை வெச்சு சுத்தி மெதுவா தோண்டி வேரைப் பாருங்க, மேல இருக்கறதைவிட கீழ நீளமா இருக்கும், நுனி ஈரத்தைத் தேடி இன்னும் எறங்கிக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல செடி மேல வளர்றதுக்கு செலவு பண்ணாம கீழ செலவு பண்ணுது. நீங்க செய்ய வேண்டியது களையெடுக்கறதும் ஆட்டை உள்ள விடாம இருக்கறதும் மட்டும்தான், இந்த ரெண்டு மாசத்துல ஆடு ஒரு தடவை உள்ள பூந்து கடிச்சாலும் அந்தச் செடி முதல் கோடையத் தாண்டறது சந்தேகம். முயல்மசால்ல முதல் வருஷம் மகசூல் கம்மிதான், ரெண்டாவது வருஷத்துல இருந்துதான் எக்டேருக்கு முப்பது டன் முப்பத்தஞ்சு டன் பச்சைங்கற கணக்கெல்லாம்.

சொட்டுநீரோ டேங்கர் தண்ணியோ குடுக்கற வசதி இருந்தா தெனமும் தெளிச்சு விடாதீங்க. நிறைய குடுத்து நல்லா காய விட்டு மறுபடி குடுங்க. மேல மேல நனைச்சுக்கிட்டே இருந்தா வேர் மேலயே சுத்திக்கிட்டு நிக்கும், தண்ணி நின்ன அன்னைக்கே செடி படுத்துடும்.

அறுப்புதான் எல்லாமே

வேலிமசாலை விதைச்சு சுமார் 90 நாள்ல முதல் அறுப்பு, அப்புறம் 40 நாளைக்கு ஒரு தடவை. தரையோட ஒட்ட அறுக்காதீங்க, ஒரு சாணுக்குக் கொறையாம கட்டை விடுங்க, புதுத் துளுப்பு அந்தக் கட்டைல இருக்கற கணுவுல இருந்துதான் வரும். முயல்மசாலும் அப்படியே, சுமார் 75 நாள்ல பூக்கறப்ப முதல் அறுப்பு, கட்டைல கொஞ்சம் எலை மிஞ்சற மாதிரி விட்டு அறுங்க, ஒட்ட அறுத்தா நிறைய செடி திரும்ப வராது. குதிரைமசால் மட்டும் தரைகிட்ட இருக்கற கொண்டைல இருந்து துளுக்கறதால நாலு விரக்கடை விட்டா போதும், பூக்க ஆரம்பிக்கற நேரத்துல அறுங்க, அதுக்கு முன்னாடி ஆசைப்படாதீங்க.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம். மழை முடியப்போற கார்த்திகை மார்கழில ஒரு கடைசி அறுப்பு எடுப்போம் பாருங்க, அதை ஈரம் இருக்கறப்பவே கொஞ்சம் முன்னாடியே எடுத்துடுங்க, அறுத்ததுக்கு அப்புறம் செடி மறுபடி எலை விட்டு நாலஞ்சு வாரம் வெயில்ல நின்னு வேருக்குச் சத்து சேர்க்கற அளவுக்கு மண்ணுல ஈரம் மிஞ்சணும். தை மாசக் கடைசில, ஈரம் தீர்ற நேரத்துல மொட்டையா அறுத்தீங்கன்னா செடி வேர்ல இருக்கறதை எடுத்து தளிர் விடும், அந்தத் தளிர் வெயில்ல கருகும், அதுக்கப்புறம் செடிகிட்ட ஒண்ணும் இருக்காது. கிளைரிசிடியா இதுக்குக் கொஞ்சம் மாறுபட்டது, விட்டா கோடைல எலைய கொட்டிட்டு பூத்து நிக்கும், கோடை தொடங்கறப்ப முன்னாடியே கொப்பை வெட்டி விட்டா பூவுக்குப் போகாம எலையோட இருக்கும். அதனால வரப்பு மரத்தை ஒரே நாள்ல வெட்டாம மூணு பங்கா பிரிச்சு மாத்தி மாத்தி வெட்டுங்க.

கடைசி அறுப்பையும் தட்டைப்பயறையும் காய வெச்சு எடுத்து வைக்கறப்ப எலையக் காப்பாத்தணும், புரதம் பூரா எலைலதான், குச்சில ஒண்ணும் இல்ல. கொளுத்தற வெயில்ல நாள் கணக்கா பரப்பி வெச்சா எலை மொறுமொறுன்னு ஆகி தூக்கறப்பவே உதிர்ந்துடும். ஒரு நாள் வாட விட்டு அப்புறம் நெழல்ல, காத்து வர்ற எடத்துல பரப்பி, காலைல பனி ஈரம் இருக்கறப்ப பெரட்டிப் போடுங்க. தண்டை முறுக்கினா ஒடியணும், சாறு கசியக் கூடாது, அப்ப கட்டி அடுக்கலாம். கடலைக்கொடிக்கும் இதே பக்குவந்தான். ஊறுகாய்ப்புல்லா (காத்துப் புகாம மூடிப் புளிக்க வைக்கற பச்சைத் தீவனம்) போடறதுன்னா பயறுவகைய மட்டும் போட்டா சரியா புளிக்காது, சர்க்கரைச் சத்து கம்மி, மூணு பங்கு சோளமோ மக்காச்சோளமோ, ஒரு பங்கு இதுன்னு கலந்து போடுங்க.

நெஜமாவே வறட்சி வந்துட்டா

மாசி பங்குனில செடி எலையெல்லாம் கொட்டி குச்சியா நிக்கும். செத்துப்போச்சுன்னு உழுதுடாதீங்க. நகத்தால அடித்தண்டைச் சுரண்டிப் பாருங்க, தோலுக்குக் கீழ பச்சையா ஈரமா இருந்தா உசுரு இருக்கு. ஒரு எடத்துல மேல காஞ்சிருந்தாலும் மண்ணுக்குக் கீழ ரெண்டு விரல் ஆழத்துல சுரண்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இந்த நேரத்துல ஆட்டை விட்டு கட்டைய கடிக்க விடறது, கொஞ்சூண்டு தண்ணி தெளிக்கறது ரெண்டுமே வேண்டாம். ஒறங்கற செடிக்கு அரை வயிறு தண்ணி விட்டா முழிச்சு தளிர் விடும், அடுத்த தண்ணி இல்லைன்னா அந்தத் தளிரோட போயிடும். குடுத்தா வேர் வரைக்கும் நனையற மாதிரி குடுங்க, முடியலைன்னா தொடாதீங்க.

மாட்டுக்குப் போடறதுல சில எச்சரிக்கை. சூபாபுல் மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது, குதிரைக்குப் போடவே வேண்டாம். கிளைரிசிடியா வாசத்துக்கு மாடு முதல்ல மூஞ்சிய திருப்பும், ஒரு நாள் வாட வெச்சு கொஞ்சங் கொஞ்சமா தட்டோட கலந்து பழக்குங்க, அதுவும் ஆடு மாட்டுக்கு மட்டும், குதிரைக்கு ஆகாது. குதிரைமசாலை பனி ஈரத்தோட எளசா வெறும் வயித்துல போட்டா வயிறு உப்பி மாடு சாகவே செய்யும், முதல்ல வைக்கலோ தட்டோ போட்டுட்டு, அறுத்து நாலஞ்சு மணி நேரம் வாடினதைப் போடுங்க.

மழை திரும்பினதும்

முதல் மழைக்கு ஒரு வாரம் பத்து நாள்ல காடு பச்சை கட்டும், மாட்டை அவுத்து விடணும்னு கை துடிக்கும். சோளக்கட்டை துளுத்துருக்கற காட்டுப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க, காஞ்சு துளுத்த எளஞ்சோளத்துல சயனைடு நஞ்சு இருக்கும், கொஞ்சம் தின்னாலே மாடு விழுந்துடும். மசால் காட்டையும் குறைஞ்சது நாலு வாரம் பூட்டி வைங்க, வேர்ல மிச்சம் இருந்த கடைசிச் சத்தையும் போட்டுத்தான் அந்தத் தளிர் வந்துருக்கு, அது திரும்ப நெரம்பறதுக்கு முன்னாடி கடிச்சா கோடையத் தாண்டின செடிய மழைல சாகடிச்ச கதை ஆகும். அந்த நாலு வாரத்துக்குத்தான் காய வெச்ச தட்டைப்பயறும் கடலைக்கொடியும், பங்குனிலயே எல்லாத்தையும் போட்டுத் தீத்துடாம இதுக்குன்னு ஒரு பங்கு எடுத்து வைங்க.

பூட்டி வெச்சிருக்கற நாள்லயே காட்டைச் சுத்தி வந்து எங்கெங்க செடி போயிருக்குன்னு பாருங்க. முயல்மசால் உதிர்த்த விதை அங்கங்க தானா மொளைச்சுருக்கும், அப்படி மொளைச்ச எடத்தைக் கொத்தாம விடுங்க. ஒண்ணுமே மொளைக்காத சொட்டை எடத்துல மட்டும் சுடுதண்ணி விதைய மணலோட கலந்து தூவி, ஒரு முள்ளுக் கொப்பை இழுத்து விட்டா மண்ணு மூடிக்கும்.